ஆராதனைக்கு ஒரு ரெகுலேட்டர்

“ஜான்சன், இன்னிக்கு மூணாவது பாட்டுல பதினாலு பேர் அழுதாங்க. நான் எண்ணினேன்.”

ஆராதனை முடிந்து சபையார் வாசலில் செருப்பு தேடிக்கொண்டிருந்தபோது, வீராசாமி கீபோர்டுக்கு எதிரே வந்து நின்று இதைச் சொன்னார். சொன்ன குரலில் பாராட்டு இல்லை. போக்குவரத்துக் கழகத்தில் முப்பது வருஷம் புது டிரைவர்களுக்குப் பஸ் ஓட்டக் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர் அவர். எதையும் பிரேக்கில் ஒரு காலை வைத்துக்கொண்டுதான் பேசுவார்.

ஜான்சன் காதிலிருந்த ஹெட்போனை இறக்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

“ஆண்டவர் தொட்டிருப்பாருங்க ஐயா.”

“ஆண்டவர் தொட்டாரா, உன் டிரம்ஸு தொட்டுச்சா? டக்கு டடக்கு, டக்கு டடக்குன்னு நெஞ்சுலயே இடிக்குது. எனக்கே கால் ஆட ஆரம்பிச்சிருச்சுபா. காலைக் கையால புடிச்சிக்கினு உக்காந்திருந்தேன். இது கோயிலா, கல்யாண ரிசப்ஷனா?”

“கால் ஆடுச்சுன்னா ஆட விட வேண்டியதுதானே தாத்தா? ஏன் புடிச்சீங்க?”

கேட்டது திரிஷா, வாலிபர் சங்கத்தின் செயலாளர். வாரத்தில் ஆறு நாள் ஒரகடத்துக் கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போய், தூங்கிக்கொண்டே திரும்புகிறவள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் முழுசாக விழித்திருப்பாள். அந்த விழிப்பை யாராவது ஒருவர் தாங்கியாக வேண்டும்.

“ஜெபம்னா அடங்கி உக்காரணும் பாப்பா. ஆண்டவர் மெல்லிசா பேசுறவரு. நீங்க போடுற சத்தத்துல அவரு பேசுனா அவருக்கே கேக்காது.”

“உங்க பேரனுக்கு கவர்மென்ட் வேலை கெடைச்சப்போ தெருவுல சரவெடி வெச்சீங்களே, அது மெல்லிசா?”

“அது வேலை. இது ஆராதனை.”

“வேலைக்கே வெடின்னா, பரலோகத்துக்கு ஒரு டிரம்ஸு கூடாதா?”

விஷயம் போதகர் சத்யராஜிடம் போனது. அவர் நல்ல மனிதர். கடைசியாகப் பேசியவர் பக்கம் சாய்ந்துவிடுவார் என்பது ஒன்றுதான் குறை. “கீபோர்டையே எடுத்துடுங்க பாஸ்டர். குரல் போதும், உணர்ச்சி தானா வரட்டும்” என்று வீராசாமி சொன்னதும், “அதான் சரி” என்றார். “கீபோர்டு இல்லன்னா நாங்க பைபாஸ் சபைக்குப் போறோம் பாஸ்டர். அங்க நாலு கீபோர்டு, புகை வேற விடறாங்க” என்று திரிஷா சொன்னதும், “அதுவும் சரிதான்” என்றார். பிறகு இரண்டு சரிகளுக்கும் நடுவில் நின்று வியர்த்துவிட்டு ஒரு வழி சொன்னார்.

“மூணு ஞாயிறு பொறுத்துப் பாப்போம். நாலாவது ஞாயிறு சபைக் கூட்டம் வெச்சு கை தூக்கிடலாம். கீபோர்டு இருக்கட்டுமா, போகட்டுமான்னு.”

ஜான்சன் கீபோர்டுக்கு உறையை மாட்டி மெதுவாக ஜிப்பை இழுத்தார்.

செங்கழுநீரோடை வீதியில் அவருக்கு ஃபேன், மிக்ஸி ரிப்பேர் கடை. வாரம் முழுக்க அவர் சொல்வதை யாரும் கேட்பதில்லை. “காயில் போயிடுச்சும்மா” என்றால், “நல்லா பாருப்பா, பிளேடாத்தான் இருக்கும்” என்று அவருக்கே பாடம் எடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்றரை மணி நேரம்தான் நூற்றிருபது பேர் உட்கார்ந்து ஜான்சனைக் கேட்டார்கள்.

அதுவும் சமீபமாகத்தான். பன்னிரண்டு வருஷம் வாசித்தார். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ ஒரு ஜீவன் சொன்னதில்லை. இந்த ஈஸ்டருக்குச் சபைக்கு இரண்டு புது வரவுகள். போதகருக்கு ஒரு காலர் மைக். ஜான்சனுக்குச் சென்னையிலிருக்கும் அவர் தம்பி வாங்கித் தந்த பெரிய ஹெட்போன். அன்றிலிருந்து எல்லாமே மாறிவிட்டது. ஜனங்கள் கண்ணீர் விட்டார்கள், கை தட்டினார்கள், திட்டினார்கள். ‘ஹெட்போன்ல நம்ம தப்பு நமக்கே கேக்குது. அதான் வாசிப்பு திருந்திடுச்சு’ என்று ஜான்சன் முடிவு செய்திருந்தார்.

பாட்டை முன்னால் நின்று நடத்துவது மரியம்மாள். ஜாக்கெட் தைக்கிறவர். மைக் வருவதற்கு முன்பே கடைசி பெஞ்சுவரை போய்ச் சேர்ந்த குரல். எந்தக் கருவியையும் அவர் காதில் வாங்கியதில்லை. தாளத்தை அவர் இழுத்த இழுப்புக்கு மற்றவர்கள் போக வேண்டும். ஜான்சனும் அவர் வாயைப் பார்த்துத்தான் வாசிப்பார்.

அன்று மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே ஜான்சன் மேலே பார்த்தார். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் ரெகுலேட்டர். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

“என்னாங்க, சாம்பார ஊத்தினு மேல பாக்குறீங்க” என்றாள் அவர் மனைவி நதியா.

“ஒண்ணுமில்ல” என்றார் ஜான்சன். ஒரு யோசனை வந்துவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் டிரில்லிங் மிஷினோடு ஆலயத்துக்குப் போனார். தெற்குச் சுவரில், முன் ஜன்னல் ஓரம்தான் வீராசாமியின் நிரந்தர இடம். அங்கே ஒரு பழைய ஃபேன் ரெகுலேட்டரைச் சுவரில் பதித்தார். உள்ளே வயர் இல்லை, காயில் இல்லை, ஒன்றுமில்லை. குமிழ் மட்டும் டொக் டொக்கென்று அழகாகத் திரும்பும்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு முகம் தெரிந்தது. பக்கத்து வீட்டுக் காமாட்சியம்மாள். அந்தச் சுவருக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கிற சந்துதான். கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து கேக் அந்த ஜன்னல் வழியாகப் போகும். கார்த்திகைக்கு அங்கிருந்து பொரி உருண்டை வரும். அவர் கணவர் திருஞானசம்பந்தம் பட்டு நெய்கிறவர். ஏகாம்பரநாதர் கோயிலில் தேவாரம் பாடுகிற கோஷ்டியிலும் உண்டு.

“என்னாபா ஜான்சன், சுவத்தைக் கொடையிற? அங்க அவருக்குத் தறியே ஆடுதாம்.”

“ரெண்டு நிமிஷங்கக்கா. வீராசாமி ஐயாவுக்குப் பாட்டு மெதுவா வேணுமாம், பசங்களுக்கு வேகமா வேணுமாம். அதுக்கு ஒரு ஏற்பாடு.”

“அப்படியா. சரி சரி, அவருகிட்ட சொல்லிடறேன். சொன்னா கேட்டுக்குவாரு. ஒண்ணே ஒண்ணுதான் கேக்க மாட்டாரு. சேலை சுத்துற கட்டை வயலின் கணக்கா கிறீச்சு கிறீச்சுங்குது, எண்ணெய் விடுய்யான்னு ஒரு மாசமா சொல்றேன். முகூர்த்தச் சேலை முடியட்டும், முகூர்த்தச் சேலை முடியட்டும்னு ஞாயித்துக்கெழமைகூட எறங்க மாட்டேங்கிறாரு.”

வீட்டுக்கு வீடு தறி ஓடுகிற பிள்ளையார்பாளையத்தில் எல்லோரும் எல்லோரிடமும் தறியைப் பற்றி ஏதாவது சொல்லிக்கொண்டேதான் இருப்பார்கள். ஜான்சன் தலையாட்டிவிட்டுத் தூசியைக் கூட்டினார்.

மறுநாள் வீராசாமியிடம் ரகசியமாகச் சொன்னார். “ஐயா, இது உங்களுக்கு மட்டும். டிரம்ஸு அதிகமாத் தெரிஞ்சா இப்படித் திருப்புங்க, கம்மி ஆயிடும். ஒருத்தர்கிட்டயும் சொல்லாதீங்க.”

வீராசாமி குமிழைத் தொட்டுப் பார்த்தார். ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் கழித்து மறுபடியும் ஒரு கியர் கையில் கிடைத்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது.

முதல் பாட்டு ஆரம்பித்தது. ஜான்சன் ஹெட்போனுக்குள் இருந்தபடியே ஓரக்கண்ணால் பார்த்தார். வீராசாமி குமிழைத் திருகினார். பழக்க தோஷம், வாயும் கூடவே ஓடியது. புது டிரைவரிடம் சொல்வது போல, உரக்க, ஜன்னல் பக்கம் திரும்பி. என்ன சொன்னார் என்று ஜான்சனுக்குக் கேட்கவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் வீராசாமியின் தோள் இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டார். காலைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டார்.

முடிந்ததும் வந்து ஜான்சனின் கையைக் குலுக்கினார்.

“சூப்பரா வேலை செய்யுதுபா. ‘மெதுவா, மெதுவா’ன்னுக்கினே திருப்பினேன், அப்படியே பஸ்ஸ்டாண்டுக்குள்ள நுழையிற வண்டி மாதிரி இறங்குச்சு. இதான் ஆராதனை.”

மனசு செய்கிற வேலை என்று ஜான்சன் நினைத்துக்கொண்டார். வீட்டு ஃபேனுக்கே பாதி பேர் அப்படித்தான் ரெகுலேட்டரைத் திருப்பிவிட்டு, இப்போ காத்து வருது என்பார்கள். பொய் சொல்லிவிட்டோமே என்று கொஞ்சம் உறுத்தியது. ஒரு மூத்தவருக்குச் சமாதானம் கிடைத்ததே என்று தேற்றிக்கொண்டார்.

வெளியே வந்தால் திரிஷா நின்றிருந்தாள்.

“அண்ணா, இன்னிக்குப் பாட்டு ஏன் தூங்கி வழிஞ்சுச்சு? தாத்தா சுவத்துல எதையோ திருகிக்கினே இருந்தாரு. நான் போய்ப் பாத்துட்டேன். அவருக்கு ஒரு ரெகுலேட்டர்னா எங்களுக்கும் ஒண்ணு வேணும்.”

“அது சும்மா…”

“சும்மாவா? அப்போ பாஸ்டர்கிட்ட கேக்கறேன், சும்மா எதுக்கு சுவத்துல ஓட்டைன்னு.”

அடுத்த சனிக்கிழமை, அதே தெற்குச் சுவரில், வாலிபர்கள் உட்காரும் பின் ஜன்னல் ஓரம் இரண்டாவது ரெகுலேட்டர் ஏறியது. வெள்ளை நிறம். இதிலும் உள்ளே காற்றுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை ஜான்சன் கண்ணால் மட்டும் பார்த்தார். பின்னால் திரிஷாவும் அவள் கூட்டமும் குமிழை ஐந்தில் வைத்துவிட்டு, கையை உயர்த்தி, ஜன்னலைப் பார்த்து எதையோ கத்தினார்கள். சபை துள்ளியது. முன்னால் வீராசாமி திரும்பிப் பார்த்து முறைத்துவிட்டு ஒன்றுக்குத் திருப்பினார். சபை படுத்தது. மறுபடி ஐந்து. மறுபடி ஒன்று. நூற்றிருபது பேரும், செவிலிமேட்டுக் குழி ரோட்டில் போகிற ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்தவர்களைப் போல முன்னும் பின்னும் ஆடினார்கள். தாளத்துக்குக் கட்டுப்படாத மரியம்மாளே இரண்டு இடத்தில் மூச்சுக்குத் திணறினார். மூன்றாவது பாட்டில் முப்பத்தோரு பேர் அழுதார்கள். அதில் சிலருக்குத் தலைசுற்றல்.

“இன்னா வாசிப்பு வாசிச்ச” என்று மரியம்மாள் ஜான்சனைப் பிடித்துக்கொண்டார். “முப்பது வருஷமா நான் பாடுனதுக்குத்தான் எல்லாம் வரும். இன்னிக்கு என்னை இழுத்துக்கினு போவுது. வெக்கமா இல்ல?”

ஜான்சனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஹெட்போனில் தன்னுடைய வாசிப்பு ஒரே சீராகத்தான் போனது. மரியம்மாள்தான் வாயை ஒரு சமயம் கிளிபோலவும் ஒரு சமயம் மாடு அசை போடுவது போலவும் அசைத்தார். இவர் அந்த வாய்க்குப் பின்னால் ஓடினார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் நதியா தட்டை வைத்த வேகத்திலேயே தெரிந்துவிட்டது. அவள் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் சேலை எடுத்துக் காட்டுகிறவள். பெண்கள் சங்கத்தின் பொருளாளர்.

“ஆம்பளைங்களுக்கு ஒண்ணு. பசங்களுக்கு ஒண்ணு. பொம்பளைங்க என்ன, பாய் விரிக்க வந்தோமா?”

“உனக்கு எதுக்கு நதியா?”

“மூணாவது பாட்டுல மூணாவது சரணம் வரும்போது ஒரு வயலின் விடுவீங்களே, லேசா, கிறீச்சுன்னு இழுத்தாப்புல. அது வந்துச்சுன்னா எனக்கு எங்க அம்மா நெனப்பு வந்துடும். அது சரியா கேக்கறதுக்குள்ள இவங்க ரெண்டு பேரும் திருகித் திருகிக் கெடுத்துடறாங்க. அந்த வயலினுக்கு மட்டும் எங்களுக்கு ஒண்ணு வைங்க.”

ஜான்சன் சோற்றில் கையை வைத்தபடி அப்படியே இருந்தார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவர் வாசிப்பைப் பற்றி நதியா பேசியது இதுதான் முதல் தடவை. வயலின் டோன் எதையும் மூன்றாவது சரணத்தில் போட்டதாக அவருக்கு ஞாபகம் இல்லை. ஆனால் அவள் கண் லேசாகக் கலங்கியிருந்தது. இந்த நேரத்தில் போய் ரெகுலேட்டருக்குள் ஒன்றுமில்லை என்று எந்த ஆண் சொல்வான்?

“வெச்சுடறேன்” என்றார்.

பெண்கள் உட்காருவது வடக்குச் சுவர்ப் பக்கம். அங்கே மூன்றாவது ரெகுலேட்டர் ஏறியது. மனைவிக்கென்று கடையிலிருந்து புதுசாக, தங்கக் கலர் ஓரம் வைத்தது.

மூன்றாவது ஞாயிறு மத்தியானம் வீட்டில் சோறு இல்லை.

“எல்லாருக்கும் நல்லது மாட்டிக் குடுத்துட்டு, பொண்டாட்டிக்கு மட்டும் ரிப்பேர் ஆனதை மாட்டியிருக்கீங்க” என்றாள் நதியா.

“ரிப்பேரா?”

“திருப்பறேன், திருப்பறேன், ஒரு மண்ணும் ஆவல. பொம்பளைங்க எல்லாம் சிரிக்கறாங்க. அந்தப் பக்கம் தாத்தா தொட்டா உடனே கொறையுது. திரிஷா தொட்டா உடனே ஏறுது. நான் தொட்டா சுவரு மாதிரி இருக்குது.”

“அவங்களுது வேலை செய்யுதா?”

“கண்ணால பாத்தேன், காதால கேட்டேன். உங்களுக்கு ஊரு முக்கியம்.”

அன்று சாயங்காலம் ஜான்சன் தனியாக ஆலயத்துக்குப் போனார். வீராசாமியின் ரெகுலேட்டரைத் திருப்புளியால் திறந்தார். உள்ளே ஒரு சிலந்தி இருந்தது. அதைத் தவிர ஒன்றும் இல்லை. திரிஷாவுடையதைத் திறந்தார். சிலந்திகூட இல்லை. நதியாவுடையதும் அப்படியே.

மூன்றும் காலி. அதில் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று வேலை செய்யவில்லை. இருபது வருஷ மெக்கானிக் அனுபவத்தில் இப்படி ஒரு கேஸ் அவருக்கு வந்ததில்லை. மூன்றையும் மூடிவிட்டு அங்கேயே முழங்காலில் நின்றார். “ஆண்டவரே, பொய் சொன்னவன் நான். அற்புதத்தை எதுக்கு வீராசாமி ஐயா கையில குடுத்தீங்க?” என்று கேட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் திருஞானசம்பந்தம் தறியில் ஏறியிருந்தார்; அந்தத் தெருவில் அது காக்கா கத்துவது மாதிரி, யார் காதிலும் ஏறாது.

நாலாவது ஞாயிறு வந்தது.

வழக்கம்போலக் காலையில் மைக்செட் சிட்டிபாபு ஸ்பீக்கர்களை மாட்டி, மரியம்மாளின் மைக்கையும் போதகரின் காலர் மைக்கையும் ஹலோ சொல்லிப் பார்த்துவிட்டு, ஒரு மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் பறந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்கு மூன்று இடம். ஆராதனை முடிந்து சாமானைக் கட்டத்தான் திரும்பி வருவான்.

இரண்டு கட்சியும் முழுப் பலத்தோடு வந்திருந்தது. மூன்றாவது பாட்டு தொடங்கியதும் யுத்தமும் தொடங்கியது. திரிஷா ஐந்துக்குத் திருப்பி, “வேகமா, வேகமா” என்று கத்த, வீராசாமி ஒன்றுக்குத் திருப்பி, “மெதுவா, மெதுவா” என்று கத்த, வடக்கே நதியா வேலை செய்யாத தன் ரெகுலேட்டரைக் குட்டிக்கொண்டிருந்தாள். நாலு தடவை ஏறி நாலு தடவை இறங்கிய பிறகு தாளம் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் ஒரு முக்கு முக்கி நின்றேவிட்டது.

“கியர் மாட்டிக்கிச்சு” என்று வீராசாமி குமிழை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார்.

ரெகுலேட்டர் கையோடு வந்துவிட்டது.

பின்னால் வயர் இல்லை. சுவரில் ஒரு பொந்து இருந்தது. பொந்திலிருந்து சிலந்தி இறங்கி ஜன்னல் வழியாக வெளியேறியது.

மரியம்மாள் பாட்டை நிறுத்தினார். முப்பது வருஷத்தில் முதல் தடவை.

திரிஷா ஒரு நொடி யோசித்துவிட்டுத் தன்னுடையதையும் பிடித்து இழுத்தாள். அதுவும் வந்தது.

“ஜான்சன்” என்றார் வீராசாமி. “மூணு வாரமா நான் எதைத் திருகினேன்?”

ஜான்சன் ஹெட்போனைக் கழற்றிக் கீபோர்டு மேல் வைத்தார். எழுந்து நின்றார்.

“காத்தைங்க ஐயா.”

“நானு?” என்றாள் திரிஷா.

“நீயும்தான்மா. கீபோர்டை எடுத்துடுவீங்களோன்னு பயந்து போய் செஞ்சேன். ஆளுக்கு ஒண்ணு கையில குடுத்தா சண்டை போட மாட்டீங்கன்னு நெனச்சேன். மூணுமே சும்மா. மன்னிச்சிடுங்க.”

“என்னுதும் சும்மாவா?” நதியா எழுந்தாள்.

“ஆமா நதியா.”

“அதான் வேலை செய்யல.”

“மத்ததும் வேலை செய்யலம்மா.”

“அதெல்லாம் செஞ்சுச்சு” என்றாள் நதியா பிடிவாதமாக.

எல்லோரும் போதகரைப் பார்த்தார்கள். போதகர் சத்யராஜ் கடைசியாகப் பேசியது யார் என்று தேடினார். நதியா சொன்னதிலோ சாய்வதற்கு ஒரு பக்கமும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானாகவே ஒரு கருத்து சொல்ல வேண்டிய கட்டாயம்.

“ஒண்ணு கவனிச்சீங்களா?” என்று மெதுவாக ஆரம்பித்தார். “ரெகுலேட்டர் சுவத்துல இல்ல. வீராசாமி பிரதர் அமைதி வேணும்னு திருப்புனாரு, அவருக்கு அமைதி கெடைச்சுது. திரிஷா சந்தோஷம் வேணும்னு திருப்புனா, அவளுக்கு சந்தோஷம் கெடைச்சுது. ஜான்சன் பிரதர் எப்பவும் வாசிச்சதைத்தான் வாசிச்சாரு. திரும்புனது நம்ம மனசு.”

பின் பெஞ்சில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

வீராசாமி கையிலிருந்த ரெகுலேட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நான் ஒண்ணு சொல்லிடறேன். எனக்குக் கால் ஆடுனது சந்தோஷத்துலதான். எழுபது வயசுல அதை ஒத்துக்க வெக்கமா இருந்துச்சு. அதான் அழுதவங்களை எண்ணிக்கினு இருந்தேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “என்னையும் சேத்துக்கோங்க, இன்னிக்கு எண்ணிக்கையில.”

“தாத்தா, நாங்களும் ஓவராத்தான் கத்திட்டோம்” என்றாள் திரிஷா. அவளும் துடைத்துக்கொண்டாள்.

போதகர் வாக்கெடுப்பு என்று வாயைத் திறப்பதற்குள் நூற்றிருபது கைகள் மேலே போயின. கீபோர்டு இருக்கட்டும் என்பதற்கு எதிராக ஒரு கைகூட இல்லை. மரியம்மாள்கூட, நிறைய யோசித்து, அரைக் கை தூக்கினார்.

“ஜான்சன்” என்றார் வீராசாமி, “உக்காருபா. அந்த மூணாவது பாட்டை நீ மட்டும் ஒரு தரம் வாசி. யாரும் பாட வேணாம். இத்தினி நாளா உன்னை நாங்க திட்டிக்கினோ ஆடிக்கினோதான் கேட்டோம். இன்னிக்கு உன்னைச் சும்மா கேக்கணும்.”

பன்னிரண்டு வருஷம். ஜான்சனுக்கு எதிரே எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. நதியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறாத கோபமும் ஆறிவிட்ட கோபமும் கலந்த பார்வை. அவர் உட்கார்ந்தார். ஹெட்போனை எடுத்து மாட்டப் போனார்.

வாசலில் செருப்பை உதறிவிட்டு சிட்டிபாபு உள்ளே வந்தான். கையில் வயர் சுருட்டுகிற கூடை.

“என்னாண்ணா, இன்னும் முடியலயா?” என்றவன், ஜான்சன் கீபோர்டில் கை வைப்பதைப் பார்த்ததும் அவசரமாக ஓடி வந்தான். “இருண்ணா, இருண்ணா. வாசிக்கப் போறியா? சொல்லியிருந்தா வயரை மாட்டியிருப்பேன்ல.”

“எந்த வயரை?”

“உன்னுதுதான். நம்ம மிக்ஸர்ல ரெண்டு பின்னுதான் நல்லா இருக்குது. ஒண்ணு மரியம்மாக்கா மைக்கு. ஈஸ்டருக்கு பாஸ்டருக்கு காலர் மைக் வந்துச்சே, அதை உன்னுத உருவிட்டுத்தான் சொருகினேன். பாஸ்டர்கிட்ட சொன்னேனே அன்னிக்கே. அன்னியிலேருந்து உன் வயரு இதோ, மேசைக்கடியிலதான் கெடக்குது.”

எல்லோரும் மேசைக்கு அடியில் பார்த்தார்கள். கிடந்தது. அதன் மேல் ஈஸ்டர் அலங்காரத்துக் காகிதப் பூ ஒன்றும் தூசி படிந்து கிடந்தது.

போதகர் காலர் மைக்கை மெல்லக் கையால் மூடிக்கொண்டார்.

வெகு நேரம் யாரும் ஜான்சனைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதுதான் மரியாதை என்று நூற்றிருபது பேருக்கும் ஒரே சமயத்தில் தோன்றியது.

“அப்போ…” வீராசாமி குனிந்து தன் காலைப் பார்த்தார். “அப்போ என் காலை ஆட்டுன டிரம்ஸு?”

“என் வயலினு?” என்றாள் நதியா.

தெற்கு ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது. காமாட்சியம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

“கை தூக்கி முடிச்சுட்டீங்களாபா? தறியில காலை வெச்சுக்கினு அவரு கேட்டுவரச் சொன்னாரு. அடுத்த வாரத்துலேருந்து மெதுவா மிதிக்கறதா, வேகமா மிதிக்கறதான்னு யாராச்சும் ஒருத்தரா சொல்லுங்க. ஆளாளுக்கு ஜன்னல்ல வந்து கத்துனா, இருக்கறதே ரெண்டு காலு, அவரு என்னா பண்ணுவாரு?”